தோல்விக்குக் காரணம் மலைப்பாதையா?

கூடலூர் என்றதும் நீலகிரியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் கூடலூர் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கிறது. பன்னீர் திராட்சைப் பந்தல்களும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். எதிரே சுவர் எழுப்பியதுபோல மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தச் சுவரைத் தாண்டினால் கேரளம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு, கூடலூர் பஸ் நிலையத்தின் அருகே ஒரு வேன் வந்து நின்றது. பதினாறு இளைஞர்கள், ஒரு பயிற்சியாளர், வலைப்பையில் நான்கு பந்துகள், ஒரு குடம் தண்ணீர். கோட்டயத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நட்புமுறைக் கால்பந்துப் பந்தயம். பயிற்சியாளர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் நானும் அந்த வேனில் தொற்றிக்கொண்டேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடலூர் பையன்கள் 3-1 என்ற கணக்கில் தோற்றார்கள். திரும்பி வரும்போது வேனில் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அணித்தலைவன் மெல்ல வாயைத் திறந்தான்: "கிரவுண்டுல தோக்கலண்ணே. ரோட்டுலயே தோத்துட்டோம்."

இது உண்மையா, அல்லது தோற்றவர் சொல்லும் சாக்கா? உலகம் முழுவதும் வெளியூர் போய்த் தோற்கும் அணிகள் எல்லாம் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்களும் விலக்கல்ல. பயணம் உடலை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துப் பார்ப்போமா? நம் குமுளி மலைப்பாதையிலிருந்தே தொடங்கலாம்.

வளைவில் வரும் மயக்கம்

கூடலூரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் லோயர்கேம்ப். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையின்மேலிருந்து ராட்சதக் குழாய்களில் பாய்ந்து இறங்கி இங்குள்ள மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. தண்ணீர் இறங்கும் மலையில்தான் நம் வேன் ஏறத் தொடங்கியது. மூன்றாவது கொண்டையூசி வளைவுக்குள் பின் சீட்டில் இருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டனர். ஐந்தாவது வளைவில் ஒரு குரல்: "அண்ணே, ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்கண்ணே!"

ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். பையன் திரும்பி வந்ததும், "முன்னாடி வந்து உக்காருப்பா. போனை உள்ள வையி. ரோட்டையே பாத்துட்டு வா" என்றார். அவர் உடலியல் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னதைவிடச் சிறந்த மருத்துவ ஆலோசனையை இந்த விஷயத்தில் யாரும் சொல்லிவிட முடியாது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. காது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல. அதன் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பிவிடும். திரவமோ சற்றுப் பின்தங்கும். இந்தப் பின்தங்கலை அங்குள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் உணர்ந்து, "தலை திரும்புகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் சிறிது தேயிலைத் தூளைப் போடுங்கள். டம்ளரைச் சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டம்ளர் திரும்பும், தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு டம்ளரைத் தொடர்ந்து சுற்றிவிட்டு நிறுத்துங்கள். டம்ளர் நின்றுவிடும், தூள் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் காதுக்குள்ளும் இதே கதைதான்.

இப்போது வேனின் பின் சீட்டுக்கு வருவோம். பையனின் கண்கள் கைப்பேசித் திரையில் பதிந்திருக்கின்றன. "நான் அசையவே இல்லை" என்கிறது கண். "இடப்பக்கம் திரும்புகிறோம், இல்லை, வலப்பக்கம்" என்று கதறுகிறது காது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் நீதிபதி குழம்பத்தானே வேண்டும்? அந்தக் குழப்பமே தலைசுற்றலாகவும் குமட்டலாகவும் வெளிப்படுகிறது என்பதே அறிவியலாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். உட்செவியின் இந்தப் பகுதி செயலற்றுப் போனவர்களுக்குப் பயண மயக்கம் வருவதே இல்லை என்பது இதற்கு நல்ல சான்று.

ஓட்டுநருக்கு ஏன் மயக்கம் வருவதில்லை? அடுத்த வளைவு எங்கே, எப்போது என்பது அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பவருக்கும் இந்தச் சலுகையில் ஒரு பங்கு கிடைக்கும். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த வாசனை சிலருக்கு இதமாக இருக்கலாம். ஆனால் எலுமிச்சை கையில், கண் கைப்பேசியில் என்றால் பயனில்லை.

சரி, குமட்டல் வந்து போனால் பந்தயத்தில் என்ன நஷ்டம்? கணக்குப் பார்ப்போம். கால்பந்து வீரர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். வெப்பமான நாளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வியர்வையாக இழக்கிறார். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே நீடித்து ஓடும் திறன் சரியத் தொடங்குகிறது. 60 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 1.2 கிலோ, அதாவது ஒன்றேகால் லிட்டர்கூட இல்லை. வாந்தி எடுத்தவன், "தண்ணி குடிச்சா மறுபடி வந்துடும்" என்று பயந்து கோட்டயம்வரை வாயைத் திறக்காமல் இருந்தால், நடுவர் ஊதுவதற்கு முன்பே அவன் பாதி நஷ்டத்தில் இருக்கிறான். நம் பையன் அப்படித்தான் இருந்தான். இரண்டாம் பாதியில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

பந்தும் பயணம் செய்கிறது

கூடலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். குமுளி சுமார் 900 மீட்டர். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். இந்த 500 மீட்டர் ஏற்றத்தில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு குறைகிறது. உங்கள் செவிப்பறைக்குப் பின்னால் அடைபட்டுள்ள காற்றோ கூடலூர்க் காற்று. அது விரிந்து செவிப்பறையை வெளியே தள்ளும்போது காது அடைத்ததுபோல் தோன்றும். எச்சிலை விழுங்கினால் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஊஸ்டேஷியன் குழல் திறந்து, 'டப்' என்ற ஓசையுடன் அழுத்தம் சமமாகும். மலை ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் இந்த அடைப்பு தொல்லை தரும். வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது அந்தக் குழல் எளிதில் திறப்பதில்லை. குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயத்துக்கு இறங்கும்வரை எங்கள் வேனில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தோம்.

வலைப்பையில் இருந்த பந்துக்கு விழுங்கத் தெரியாது. கூடலூரில் அதற்கு வெளிக்காற்றைவிட 0.8 வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும்படி காற்று அடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ட விதிகளின்படி அது 0.6 முதல் 1.1 வரை இருக்கலாம். குமுளியில் வெளி அழுத்தம் 0.05க்குச் சற்று மேல் குறைவதால் பந்து அந்த அளவு இறுகும். ஆனால் குமுளி குளிர்ந்த ஊர். மூன்று டிகிரி குறைந்தால் பந்துக்குள் இருக்கும் காற்றும் கொஞ்சம் சுருங்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் பந்தின் அழுத்தம் சுமார் 0.84. கடல்மட்டத்தை ஒட்டிய கோட்டயத்தில் இறங்கினால் 0.75 ஆகத் தளர்ந்துவிடும். பயிற்சியாளரிடம் இந்தக் கணக்கை உற்சாகமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்டத்துக்கு அவங்க பந்துதான் சார்" என்றார்.

உட்கார்ந்தே களைப்பது எப்படி?

ஓடினால் களைக்கலாம். உட்கார்ந்திருந்தால் ஏன் களைக்க வேண்டும்? இதயம் இரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். அது புவியீர்ப்பை எதிர்த்து மேலே திரும்பி வரவேண்டுமே! அந்த வேலையில் கெண்டைக்கால் தசை பெரும்பங்கு வகிக்கிறது. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலேற்றுகிறது. கீழே திரும்பாமல் சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் பார்த்துக்கொள்கின்றன. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் இந்தப் பம்பு நின்றுவிடும். பாதம் வீங்கும், தசை விறைக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நூறடி நடந்தால் போதும்.

கடலில் போன காலத்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1930இல் முதல் உலகக் கோப்பைப் பந்தயம் தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டில் நடந்தது. ருமேனியா, பிரான்சு, பெல்ஜியம் ஆகிய மூன்று அணிகளும் 'கான்டே வெர்டே' என்ற ஒரே கப்பலில் ஏறின. கோப்பையும் அதே கப்பலில்தான் போயிற்று! இரண்டு வாரப் பயணம். வீரர்கள் கப்பலின் மேல்தளத்தில் ஓடியும் உடற்பயிற்சி செய்தும் கால்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கோவையிலிருந்து காஷ்மீருக்கு

நம் வேனை முண்டக்கயத்தில் நிறுத்திவிட்டு, ஒரு தொழில்முறை அணியுடன் கொஞ்சம் போய்வருவோம். 2018-19 பருவத்தில் ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி என்ற அணி ஆடியது. பெயர்தான் சென்னை, அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம். மொத்தம் 11 அணிகள். ஒவ்வோர் அணியும் 20 ஆட்டங்கள் ஆடவேண்டும். அவற்றில் பாதி வெளியூரில். இந்தியப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு அந்த வெளியூர்களைத் தேடுங்கள்: ஸ்ரீநகர், இம்பால், ஐஸால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா, கோழிக்கோடு... கோழிக்கோட்டுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாலையிலேயே போய்விடலாம். ஸ்ரீநகரோ நேர்கோட்டில் அளந்தாலே 2500 கிலோமீட்டருக்கு மேல்.

அவ்வளவு தூரம் போனால் உடலின் உட்கடிகாரம் குழம்பாதா? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் உடலில் தூக்கம், பசி, உடல்வெப்பம் எல்லாவற்றையும் முறைப்படுத்தும் ஒரு கடிகாரம் மூளைக்குள் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுப்பது சூரிய ஒளி. கோவையும் ஸ்ரீநகரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால், நடுப்பகல் இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் போனாலும் இந்தக் கடிகாரத்துக்கு அதிகக் குழப்பமில்லை. இம்பால் அப்படியல்ல. அது கோவைக்குக் கிழக்கே 17 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். 17 பாகைக்கு 68 நிமிடம். கையில் கட்டிய கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒரே நேரம் காட்டும். சூரியன் மட்டும் இம்பாலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொண்டு எழும், முந்திக்கொண்டு விழும். டிசம்பர் மாதத்தில் கூடலூரில் மாலை ஆறு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. இம்பாலில் நான்கரைக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

ஸ்ரீநகரில் தொல்லை வேறு. "உயரமான ஊர் ஆயிற்றே, மூச்சு வாங்குமே" என்று நினைப்பீர்கள். ஸ்ரீநகரின் உயரம் 1600 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் கொடைக்கானல் 2100 மீட்டர்! ஆகவே அங்கே எதிரி உயரமல்ல, குளிர். டிசம்பர் இரவுகளில் நீர் உறையும் நிலைக்கு வெப்பம் இறங்கும். குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும். நரம்பின் செய்தியும் மெதுவாகப் போகும். கோவையில் பத்து நிமிடத்தில் சூடேறும் உடலுக்கு அங்கே அதைப்போல் இரு மடங்கு நேரமாவது கொடுக்கவேண்டும்.

போதாக்குறைக்கு, புது ஊர், புதுப் படுக்கை. "இடம் மாறினால் தூக்கம் வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புது இடத்தில் தூங்குபவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதியைவிடக் குறைந்த ஆழத்திலேயே தூங்கியது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொண்டது. டால்பின்கள் ஒரு பாதி மூளையை விழிக்க வைத்துக்கொண்டு தூங்குகின்றன அல்லவா? அந்தக் காவல்காரப் பழக்கத்தின் ஒரு மங்கிய சாயல் நமக்கும் இருக்கிறது போலும். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் போய்ச் சேரும் அணிக்கு வாய்ப்பது அந்த முதல் இரவுதான். ஒருநாள் முன்னதாகப் போனால் காவல்காரனும் தூங்கிவிடுவான். ஆனால் அதற்கு விடுதிக்காசு யார் கொடுப்பது?

இத்தனை சங்கடங்களையும் தாங்கிச் சென்னை சிட்டி அணி 43 புள்ளிகள் எடுத்தது. இரண்டாவதாக வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. 2019 மார்ச் 9ஆம் தேதி, கடைசி ஆட்டத்தில் கோவையில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்ற பிறகே கோப்பை உறுதியாயிற்று. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல்முறை. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. எங்கோ ஒரு வெளியூர் மைதானத்தில், களைத்த கால்களோடு, தோற்காமல் சமன் செய்தால் கிடைப்பது அந்த ஒரு புள்ளிதான்.

மேகத்தில் ஒரு மைதானம்

பயணத்தின் கொடுமையை உச்சத்தில் பார்க்கவேண்டுமானால் தென் அமெரிக்காவில் பொலிவியாவின் லா பாஸ் நகருக்குத்தான் போகவேண்டும். அங்குள்ள மைதானம் 3600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் காற்றே மெலிந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி உடல் பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். பந்தின் போக்கும் மாறிவிடும். மெல்லிய காற்றில் தடை குறைவு. பந்து வேகம் குறையாமல் வரும், எதிர்பார்த்த அளவு வளையாது. கோல்காப்பாளர் கை நீட்டும்போது பந்து தாண்டிப் போயிருக்கும்.

2009 ஏப்ரல் 1ஆம் தேதி, மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. அதற்கு முன் 2007இல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, மிக உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடையே போட்டது. மலைநாட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்கள் ஊரில் நாங்கள் ஆடக்கூடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2008இல் தடை விலகியது.

வருகிற அணிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் போய் இறங்கியவுடன் தாக்குவதில்லை. பல மணி நேரம் கழித்தே தொடங்கும். ஆகவே பொலிவியாவிலேயே தாழ்வான ஊரான சாந்தா குருஸில் தங்கியிருந்து, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு மட்டும் விமானத்தில் மேலே வருவார்கள், முடிந்ததும் இறங்கிவிடுவார்கள். சாந்தா குருஸின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 400 மீட்டர். நம் கூடலூரின் உயரம்தான்.

இது வெறும் பேச்சா என்று கணக்கெடுத்தும் பார்த்தார்கள். தென் அமெரிக்காவில் நூறாண்டுகளில் நடந்த 1460 சர்வதேச ஆட்டங்களை அலசிய ஓர் ஆய்வு 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு அணிகளும் ஒரே உயரத்து ஊர்க்காரர்கள் என்றால் சொந்த மண்ணில் ஆடும் அணி வெல்ல நூற்றுக்கு 54 வாய்ப்பு. கடல்மட்ட அணி லா பாஸுக்கு வந்தால் அது 82 ஆக ஏறுகிறது. மலைவாசிகள் கீழே இறங்கினால் மட்டும் சிங்கமாகிவிடுகிறார்களா? இல்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 1993இல் வெனிசுலாவில் வென்ற பொலிவியா, அடுத்த வெளியூர் வெற்றிக்கு 2024இல் சிலி நாட்டை வெல்லும்வரை காத்திருந்தது.

எதிர்பாராமல் நடந்த ஒரு சோதனை

இதுவரை படித்த நீங்கள், "ஆக, அந்த அணித்தலைவன் சொன்னது சரி; ரோடுதான் தோற்கடித்தது" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். சமமான உயரத்திலும் சொந்த ஊர் அணிக்கு 54 வாய்ப்பு என்றோமே, அது எங்கிருந்து வந்தது? பயணக் களைப்பா, பழகிய மைதானமா, ஊர் மக்களின் ஆரவாரமா? எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும்போது எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? அறிவியலில் இதற்கு ஒரே வழிதான்: மற்றவற்றை மாற்றாமல், ஒன்றை மட்டும் நீக்கிப் பார்ப்பது. ஆனால் ஆயிரக்கணக்கான ரசிகர்களை வீட்டிலேயே இருங்கள் என்று எந்த விஞ்ஞானி சொல்ல முடியும்?

விஞ்ஞானி சொல்லவில்லை, ஒரு வைரஸ் சொல்லிற்று. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் ஜெர்மனியின் தலைமை லீக் ஆளில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியது. அணிகள் வழக்கம்போல் வெளியூர் போயின, விடுதியில் தங்கின, ஆடின. கூட்டம் மட்டும் இல்லை. சொந்த ஊர் அணிகளைவிட வந்த அணிகளே அதிக ஆட்டங்களில் வென்றன! இங்கிலாந்தில் 2020-21 பிரீமியர் லீக் பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்கள் காலி அரங்கில்தான் நடந்தன. 380 ஆட்டங்களில் வந்த அணி வென்றவை 153; சொந்த ஊர் அணி வென்றவை 144. அந்த நாட்டின் முதல்நிலைக் கால்பந்து வரலாற்றிலேயே இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் திரும்பியதும் சொந்த ஊர் வெற்றிகள் மறுபடி முந்திக்கொண்டன.

ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கூட்டம் இருந்தபோது நடுவர்கள் வெளியூர் வீரர்களுக்குத்தான் அதிகமாக மஞ்சள் அட்டை காட்டி வந்தார்கள். காலி மைதானத்தில் அந்தப் பாகுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. நடுவர்கள் வேண்டுமென்றே செய்ததில்லை. முப்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாக "ஃபவுல்!" என்று கத்தினால் விசிலை நோக்கிக் கை தானாகப் போகத்தானே செய்யும்? கோட்டயத்தில் அன்று இருந்தது இருநூறு பேர்தான். ஆனால் எங்கள் பக்கம் கத்தியது, ஓட்டுநரையும் என்னையும் சேர்த்து இரண்டே பேர்.

இங்கிலாந்தில் ஓர் ஊருக்கும் மறு ஊருக்கும் பஸ்ஸில் சில மணி நேரம்தான். மலை இல்லை, கால நேர மாற்றமும் இல்லை. ஆகவே அங்கே கிடைத்த விடையை லா பாஸுக்கும் ஸ்ரீநகருக்கும் அப்படியே பொருத்த முடியாது. என் கணிப்பு இது: குறுகிய பயணத்தில் தோல்விக்குப் பழியைச் சாலையின்மேல் போடுவது பெரும்பாலும் சாக்கு, நீண்ட பயணத்தில், மேலேறும் பயணத்தில், அது சாக்கு அல்ல. குமுளிப் பாதை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. தண்ணீர் குடிக்காமல் போன பையனுக்கு அது லா பாஸ். முன் சீட்டில் உட்கார்ந்து போனவனுக்கு அது இங்கிலாந்து.

இரண்டு மாதம் கழித்துக் கோட்டயம் அணி கூடலூருக்கு வந்தது. அதே பாதை, எதிர்த் திசை. லோயர்கேம்பில் இறங்கி முகம் கழுவிய அவர்களில் மூன்று பேர் முகம் வெளிறிப்போயிருந்தது. எங்கள் பயிற்சியாளர் அவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் நிழலில் காலாற நடக்கவிட்ட பிறகே ஆட்டத்தைத் தொடங்கினார். "எதுக்கண்ணே அவங்களுக்கு?" என்று நம் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆட்டம் 1-1.

அன்றிலிருந்து பயிற்சியாளர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: எந்த ஊர், பயண நேரம், ஏறிய உயரம், முந்தின இரவு தூங்கிய மணி, குடித்த தண்ணீர், வாந்தி எடுத்தவர் எத்தனை பேர், கூட்டம் எவ்வளவு, கோல் கணக்கு. உங்கள் பள்ளி அணிக்கும் இப்படி ஒன்று தொடங்கலாம். கால்பந்து இல்லையென்றால் கபடி போதும். இரண்டு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஐம்பதாவது வரட்டும் என்கிறார் அவர். போன முறை பார்த்தபோது நோட்டில் பத்தொன்பது வரிகள் இருந்தன. வேனின் முன் சீட்டுக்கு நடக்கும் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லையாம்.